காட்பாடி பிளாட்பாரம் வரைக்கும் வாருங்கள், அதற்கு மேல் வேண்டாம்

வேலூர் சத்துவாச்சாரியிலிருந்து வந்திருந்த அம்மாவுக்கு,

போன வாரம் நீங்கள் கேட்ட கேள்வி இன்னும் காதிலேயே இருக்கிறது. "டிப்ளமா படிச்ச பையன் சார். பாட்டுக் கச்சேரிக்குப் பொட்டி தூக்கறதுக்கா பெங்களூர் போறான்?" வெளியே இன்னும் ஆறு பேர் காத்திருந்ததால் அரைகுறையாகப் பதில் சொல்லி அனுப்பிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை அவன் கிளம்புவதற்குள் மீதியையும் சொல்லிவிடுகிறேன்.

முதலில் அந்தப் பொட்டி. ஆமாம், தூக்குவான். சக்கரம் வைத்த பெட்டிகள் என்பதால் பெரும்பாலும் தள்ளுவான். ஊர் ஊராகப் போகும் கச்சேரிக் குழுவில் எந்தப் பெட்டி முதலில் லாரியை விட்டு இறங்க வேண்டும் என்பதுதான் அரிச்சுவடி. மேலே தொங்கவேண்டிய டிரஸ் (truss, லைட் எல்லாம் மாட்டுகிற உலோகச் சட்டம்), அதைத் தூக்கும் செயின் மோட்டார், அப்புறம் லைட், ஸ்பீக்கர், கடைசியில்தான் டிரம்ஸும் கீபோர்டும். இந்த வரிசை தவறினால் மேடையில் இருக்கிற அத்தனை பேரும் கைகட்டி நிற்கவேண்டும். இன்றைக்கு சவுண்ட் போர்டில் உட்கார்ந்து லட்சம் பேர் கேட்கிற சத்தத்தை விரலால் நகர்த்துகிறவர்களில் பலரும் பெட்டி தள்ளி மேலே வந்தவர்கள்தான். எலெக்ட்ரிகல் டிப்ளமா வீணாகாது. ஆனால் அது பேசுவதற்கு ஆறு மாதமாவது ஆகும்.

இப்போது பயணம். நீங்களும் உங்கள் தம்பியும் காரில் கச்சேரி மைதானம் வரை கொண்டுபோய் விடலாம் என்று இருக்கிறீர்கள். வேண்டாம் அம்மா. இந்த வேலையில் பாதி, பயணம்தான். இன்றைக்கு பெங்களூர், மூன்றாம் நாள் கொச்சி, அடுத்தது ஹைதராபாத் என்று போகிறவன், சொன்ன நேரத்துக்கு, சொன்ன இடத்துக்கு, தூங்கிய உடம்போடு தானாக வந்து சேர்வானா என்பதைத்தான் மேனேஜர் முதலில் பார்ப்பார். மாமாவின் கார் கதவைத் திறந்துகொண்டு இறங்கினால் அன்றைக்கே ஒரு பட்டப்பெயர் விழும். டூர் முடியும்வரை அது போகாது.

அவனுக்கு வந்த மெசேஜில் 'கால் டைம் காலை 6' என்று இருந்தது. அதற்கு அர்த்தம் ஆறு மணிக்கு வாசலில் நிற்பது அல்ல, ஷூ மாட்டி, டீ குடித்து, வேலைக்குத் தயாராக நிற்பது. காட்பாடியிலிருந்து அன்றைக்கு விடியற்காலை ரயிலைப் பிடித்தால் நடக்காது. முந்தின நாளே போய்விட வேண்டும். அந்த ராத்திரிக்கு அறை கொடுக்கிறார்களா என்று இப்போதே கேட்கச் சொல்லுங்கள். மைதானம் எந்தப் பக்கம் என்பதும் முக்கியம். ஒயிட்ஃபீல்டு பக்கம் என்றால் நேரே ஊர் நடுவில் இருக்கும் மெஜஸ்டிக் வரை போய்விட்டு ஊரைக் குறுக்காகக் கடந்து திரும்பிவருவது வீண். நம் பக்கத்திலிருந்து போகும் ரயில் பல கிருஷ்ணராஜபுரத்தில் நிற்கும். 2023லிருந்து அங்கேயே பர்ப்பிள் லைன் மெட்ரோ இருக்கிறது. பஸ்ஸில் போனால் கிருஷ்ணகிரி, ஓசூர் வழியாக எலக்ட்ரானிக் சிட்டி பக்கம் போய் நுழைவான், அது வேறு திசை. இவ்வளவையும் நீங்கள் பார்த்து வைக்காதீர்கள். அவனே பார்க்கட்டும். சாயங்காலம் கிரீன் சர்க்கிளில் சிக்கினால் பாலாறு தாண்டுவதற்குள் ரயில் போய்விடும் என்பதை மட்டும் நீங்கள் ஞாபகப்படுத்தலாம்.

பணம். இதில் நான் ஒருமுறை சூடுபட்டிருக்கிறேன். சில வருடங்களுக்கு முன் ஒரு பையனை இதேபோல அனுப்பினேன். சம்பளம் பற்றிக் கேட்டால் தப்பாக நினைப்பார்களோ என்று அவனும் கேட்கவில்லை, கேளு என்று நானும் சொல்லவில்லை. ஏழு ஊர் சுற்றிவிட்டு வந்தான். காசு வர ஐந்து மாதம் ஆனது, அதுவும் முழுசாக இல்லை. அவன் அப்பா என்னைப் பார்த்தால் இன்றும் ரோட்டின் அந்தப் பக்கம் போய்விடுவார். ஆகவே கூச்சப்படாமல் கேட்கட்டும்: ஒரு நாளைக்கு எவ்வளவு? கச்சேரி இல்லாத பயண நாளுக்கு உண்டா? சாப்பாடு அவர்களுடையதா, பேட்டாவா? டிக்கெட் யார் எடுப்பது? முடிந்து எத்தனை நாளில் பணம் வரும்? வாட்ஸ்அப்பில் நான்கு வரி பதிலாக வந்தால் போதும், வாய்ப்பேச்சு மட்டும் போதாது. ஆதார் கையில் இருக்கட்டும். டிப்ளமா ஒரிஜினலை யார் கேட்டாலும் கொடுக்கக் கூடாது, ஜெராக்ஸ்தான்.

வங்கிக் கணக்கில் பிரதமரின் விபத்துக் காப்பீடு போட்டிருக்கிறதா என்று பாருங்கள். வருடத்துக்கு 20 ரூபாய்தான், உயிருக்கு ஒன்று ஆனால் 2 லட்சம். இதை எழுத எனக்கே கை வரவில்லை, உங்களுக்குப் படிக்கவும் பிடிக்காது. ஆனாலும் செய்துவிடுங்கள்.

இனி அவனிடம் நீங்கள் படித்துக் காட்டவேண்டியது.

தம்பி, குடியாத்தம் சிரசுத் திருவிழாவில் மைக் செட் பார்த்தேன் என்று பெருமையாகச் சொன்னாய். நல்ல அனுபவம்தான், அதை முதல் நாள் வாயைத் திறந்து சொல்லாதே. கேபிளைச் சுற்றுகிற கையே சொல்லிவிடும். நம் ஊர் மைக் செட்டில் முழங்கைக்கும் உள்ளங்கைக்கும் நடுவே இழுத்து இழுத்துச் சுற்றுவோமே, அதை அங்கே செய்தால் பக்கத்தில் இருப்பவர் பிடுங்கிவிடுவார். அப்படிச் சுற்றினால் உள்ளே கம்பி முறுக்கிக்கொள்ளும், சில மாதத்தில் எங்கேயோ விட்டுவிட்டுப் பேசும், கச்சேரி நடுவில் கரகரக்கும். ஒரு வளையம் நேராக, அடுத்த வளையம் மணிக்கட்டை உள்ளே திருப்பி, இப்படி மாற்றி மாற்றிச் சுற்ற வேண்டும். முனையைப் பிடித்து எறிந்தால் சிக்கில்லாமல் நீளமாக ஓட வேண்டும். வீட்டில் இருக்கும் எக்ஸ்டென்ஷன் வயரை வைத்து இந்த நாலு நாளும் பழகு. சுற்றத் தெரியாவிட்டால் 'காட்டிக் கொடுங்கண்ணா' என்று கேள். தெரிந்த மாதிரி நடிப்பவனைத்தான் அவர்களுக்குப் பிடிக்காது.

ஜெனரேட்டர் பக்கம், த்ரீ ஃபேஸ் பெட்டி பக்கம் முதல் நாள் போகாதே. உன் படிப்புக்கு அதுதான் கை அரிக்கும். சொல்லாமல் ஒரு சுவிட்சைத் தொட்டாலும் அன்று மதியமே உன்னை ரயில் ஏற்றிவிடுவார்கள், அதில் தப்பே இல்லை. டிரஸ் மேலே ஏறும்போது அடியில் நிற்காதே, எவ்வளவு அவசரமாக யார் கூப்பிட்டாலும் சுற்றிக்கொண்டு போ. காதில் அடைப்பான் வை. 85 டெசிபலில் எட்டு மணி நேரம் தாங்குகிற காது, 100 டெசிபலில் கால் மணி நேரத்துக்கு மேல் தாங்காது என்பது கணக்கு. ஸ்பீக்கர் பக்கத்தில் நின்றால் இதை எளிதாகத் தாண்டிவிடும். உன் தொழிலுக்கு மூலதனமே காதுதான்.

மீண்டும் அம்மாவுக்கு. கறுப்புச் சட்டை மூன்று வாங்கச் சொன்னார்கள் என்று நீங்கள் முகம் சுளித்தீர்கள், நல்ல காரியத்துக்குப் போகும்போது கறுப்பா என்று. மேடை இருட்டில் ஆள் தெரியக்கூடாது என்பதற்காக உலகம் முழுக்க அந்த வேலையில் கறுப்புதான். போகும்போது மஞ்சளோ வெள்ளையோ போட்டு அனுப்புங்கள், அங்கே போய் மாற்றிக்கொள்ளட்டும். முனை கெட்டியான ஷூ, தலையில் மாட்டும் டார்ச், கையுறை, ஒரு மார்க்கர். மற்றபடி பை சின்னதாக இருக்கட்டும், அவன் பையை வேறு யாரும் தூக்கமாட்டார்கள்.

ராத்திரி பத்து மணிக்குத் திறந்தவெளியில் ஒலிபெருக்கி நிற்க வேண்டும் என்பது 2000ஆம் வருட ஒலி மாசு விதி. அதனால் பத்தரைக்கு அவன் ஓய்வாக இருப்பான் என்று நினைத்துப் போன் போடுவீர்கள். எடுக்கமாட்டான். கூட்டம் கலைந்ததும்தான் எல்லாவற்றையும் கழற்றி லாரியில் ஏற்றுவது ஆரம்பமாகும், விடியற்காலை இரண்டு மூன்று ஆகலாம். பதினோரு மணிக்கு எடுக்காத போனை வைத்து என்னவோ ஆகிவிட்டது என்று முடிவுகட்ட வேண்டாம். லாரி ஏற்றி முடித்ததும் 'முடிஞ்சது' என்று ஒரு மெசேஜ், அவ்வளவுதான் ஒப்பந்தம் என்று அவனிடம் பேசிக்கொள்ளுங்கள்.

குடி பற்றி நீங்கள் கேட்கவில்லை, கேட்க நினைத்தது தெரிந்தது. குழுவின் பஸ்ஸில் குடிப்பவர்கள் இருப்பார்கள், பொய் சொல்லமாட்டேன். குடிக்காதவர்களும் அதே பஸ்ஸில் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்குவார்கள். இவன் தூக்கப் பிரியன் என்று நீங்கள்தான் சொன்னீர்கள். அது இந்த ஒரு இடத்தில் உதவும்.

டிபன் கட்டிக் கொடுப்பீர்கள், தடுத்தாலும் கேட்கமாட்டீர்கள். கொடுங்கள். ஆனால் புளிசாதத்தை அவனுக்கு மட்டும் அளந்து கட்டாதீர்கள். நாலு பேர் சாப்பிடுகிற மாதிரி கட்டி, கூடவே முள்ளு கத்திரிக்காய் தொக்கு கொஞ்சம் வையுங்கள். மூடி இறுக்கமான டப்பாவாக இருக்கட்டும், கேபிள் பெட்டி மேல் எண்ணெய் வழிந்தால் அதற்கும் பட்டப்பெயர் உண்டு.