ஓர்பாளின் தாய்வீடு

அன்புள்ள அம்மா,

எங்கள் சபையின் பெண்கள் கூட்டத்தில் ‘வேதாகமப் பெண்களின் வாழ்வில் தேவ தயவு’ என்ற தலைப்பில் 20 நிமிடம் பேச வேண்டும். ஆகார், அன்னாள், ரூத், மரியாள் ஆகிய நால்வரையும் எடுத்திருக்கிறேன். பாதி வழியில் பின்வாங்கித் தயவை இழந்தவளாக ரூத்தின் ஓரகத்தி ஓர்பாளைக் காட்டலாம் என்றும் நினைக்கிறேன். இந்த வரிசை சரியா? சாராளையும் சேர்க்க வேண்டுமா?

வாசகி, கல்முனை

அன்புள்ள மகளுக்கு,

வரிசையில் பிழையில்லை. நால்வரே 20 நிமிடத்துக்கு அதிகம் என்பதால் சாராளை விட்டுவிடுங்கள். ஆகாரைப் பேசும்போது, ஆதியாகமம் 16ஆம் அதிகாரத்தில் ‘என்னைக் காண்கிற தேவன்’ என்று கடவுளுக்கே பெயரிட்டவள் வீட்டைவிட்டு ஓடிய ஓர் எகிப்திய அடிமைப்பெண் என்பதை மட்டும் மறக்க வேண்டாம். மற்றதையெல்லாம் நீங்களே நன்றாகச் செய்வீர்கள்.

ஓர்பாளைப் பற்றிய வரியில்தான் எனக்குக் கோபம் வந்தது. சில நாட்களாக ரூத்தின் புத்தகத்தையே திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருந்ததால், உங்கள் கடிதம் சரியாக என் கைக்குள் வந்து விழுந்தது என்றே சொல்ல வேண்டும். நான்கு அதிகாரம், 85 வசனம் கொண்ட அந்தச் சின்னப் புத்தகத்தில், ‘தயை’ என்று நாம் வாசிக்கும் எபிரெயச் சொல்லான ‘ஹெசெத்’ மூன்றே இடங்களில் வருகிறது. முதலில் வருவது 1:8இல். மரித்தவர்களுக்கும் எனக்கும் நீங்கள் தயை செய்ததுபோலக் கர்த்தர் உங்களுக்கும் தயை செய்வாராக என்று, புருஷனையும் இரண்டு மகன்மாரையும் மோவாப் தேசத்தில் சாகக் கொடுத்துவிட்டுச் சொந்த ஊருக்குத் திரும்பும் நகோமி சொல்கிறாள். யாரிடம் சொல்கிறாள்? ஓர்பாள், ரூத் என்ற இரண்டு மருமக்களிடமும். அந்த இருவரும் மோவாபியர். உபாகமம் 23ஆம் அதிகாரம் கர்த்தருடைய சபைக்குள் வரக்கூடாது என்று தள்ளிவைத்த இனத்தின் பெண்கள். கர்த்தருடைய தயையை அளப்பதற்கு நகோமி கையில் எடுத்த மரக்கால், அவர்கள் செய்த தயைதான். அந்த மரக்காலில் பாதி ஓர்பாளுடையது, மகளே. அவள் தயவை இழந்தாள் என்று நீங்கள் எந்த வசனத்தில் வாசித்தீர்கள்?

அவள் முதலில் போக மறுத்தாள். திரும்பிப் போங்கள் என்று மாமி மூன்று முறை சொன்ன பிறகு, சத்தமிட்டு அழுது, முத்தமிட்டுப் போனாள். அவளைப் பழித்து வேதத்தில் ஒரு சொல்லும் இல்லை. பிற்காலத்து யூத மரபுக் கதைகள் அவளைத் தாவீது வீழ்த்திய கோலியாத்தின் வம்சத்துக்குத் தாயாக்கின; நம்முடைய பிரசங்கிமார் அவளைப் பின்மாற்றக்காரி ஆக்கினார்கள். மாமியை விட்டுப் பிரியாமல் கூடவே போன ரூத்தின் பெருமையை நான் ஒரு குன்றிமணியும் குறைக்கவில்லை. அவளை உயர்த்துவதற்கு இன்னொருத்தியை மிதிக்கத் தேவையில்லை என்கிறேன்.

இன்னுமொன்று. நகோமி அவர்களை அனுப்பியது ‘தாய்வீட்டுக்கு’. விதவையான மருமகள் தாமாரை யூதா அவளுடைய தகப்பன் வீட்டுக்கு அனுப்பினான் என்பதோடு இதை வைத்துப் பாருங்கள். வீடும் வளவும் பெண்ணின் பெயரில் இருக்கும், கலியாணம் முடித்தவன் பெண்வீட்டுக்குப் போய் வாழும் மட்டக்களப்பு மண்ணில் பிறந்த நமக்கு, அந்தச் சொல்லின் கனத்தை யாரும் விளக்கத் தேவையில்லை.

என் அப்பம்மாவுக்குப் பெண்பிள்ளை இல்லை. அதனால் ஊர் வழக்கத்துக்கு மாறாக, சித்தப்பாவைக் கட்டிய சின்னம்மாதான், மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையிலிருந்த எங்கள் வளவுக்கு வாழ வந்தார். 1983இல் சித்தப்பா வயலில் பாம்பு கடித்து இறந்தபோது சின்னம்மாவுக்கு 22 வயது, பிள்ளையும் இல்லை. ஜெபக்கூட்டம் முடிந்த மறுநாள் அப்பம்மா அவருடைய சீலைகளை ஒரு பெட்டியில் தானே மடித்து வைத்து, மண்முனைத் துறை வரைக்கும் கூடவே நடந்துபோனார். இன்றுள்ள பாலம் 2014இல் வந்தது. அன்று ‘பாதை’ என்று நாங்கள் சொல்லும் மிதவையில்தான் கிழக்குக் கரையான எழுவான்கரைக்குக் கடக்க வேண்டும். அது மறுகரையைத் தொடும் மட்டும் அப்பம்மா வெயிலில் நின்றதை, அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு நின்ற நான் பார்த்தேன். அடுத்த வருடம் சின்னம்மா மறுமணம் செய்தார். கல்நெஞ்சுக்காரி என்று எங்கள் சொந்தக்காரர் பேசாத பேச்சில்லை. அப்படிப் பேசியவர்களிடமெல்லாம் அப்பம்மா ஒரே மறுமொழிதான் சொல்வார்: “போ என்று சொன்னது நான். என்ர சொல்லைக் கேட்டதுக்கா அவளை ஏசுறீங்க?”

உங்கள் கூட்டத்திலும் புருஷனை இழந்து தாய்வீட்டுக்குத் திரும்பிய பெண்கள் இருப்பார்கள். மறுமணம் செய்தவர்களும் இருப்பார்கள். அவர்கள் முகத்தைப் பார்த்து அந்த வரியை உங்களால் வாசிக்க முடியாது. அந்தப் பக்கத்தைக் கிழித்துவிடுங்கள். பேச்சு 16 நிமிடத்தில் முடிந்தாலும் குறையில்லை.

அன்புடன்,
அம்மா