காப்பர் பெல்லட்டில் கடினம் இருக்கிறது, கடத்தல் எங்கே போனது?

பெங்களூரு பீன்யாவில் பட்டறை வைத்திருக்கும் வாசகர் கேட்கிறார்: ஸ்பாட் வெல்டிங் முனைக்காகக் காப்பர் பவுடரில் எடைக்கு 5 சதவீதம் சிலிக்கன் கார்பைடு கலந்து, 10 மி.மீ. பெல்லட்டாக (சிறு வில்லையாக) அழுத்தி, 950 டிகிரியில் இரண்டு மணி நேரம் சின்டர் செய்தோம், அதாவது உருகாமல் சூடாக்கித் துகள்களை ஒட்டவைத்தோம். கடினம் நன்றாக வந்தது. அடர்த்தி கன செ.மீ.க்கு 7.4 கிராம்தான், மின்கடத்தல் 48 சதவீதம் ஐ.ஏ.சி.எஸ். (சுத்தக் காப்பரை 100 என்று வைத்த அளவு). ஹார்ட்னஸ் ரிப்போர்ட் மட்டும் போதும் என்கிறார் டெஸ்டிங் ஏஜென்ட். எங்கே தவறு?

பதில்: ஏஜென்ட் சொல்வதைக் கேட்காதீர்கள். ஸ்பாட் வெல்டிங் முனைக்கு மின்கடத்தல்தான் உயிர்.

முதலில் அடர்த்தி. எடையில் 5 சதவீதம் என்றால் கன அளவில் ஏறக்குறைய 13 சதவீதம். சிலிக்கன் கார்பைடு அவ்வளவு லேசானது. அந்தக் கலவைக்கு முழு அடர்த்தியே 8.22தான். ஆகவே உங்கள் 7.4 என்பது 90 சதவீதம். சுத்தக் காப்பரின் 8.96-உடன் ஒப்பிட்டுப் பயப்பட வேண்டாம்.

ஆனால் அந்த 7.4-ஐ எப்படி அளந்தார்கள் என்று கேளுங்கள். 90 சதவீதத்தில் துளைகள் ஒன்றோடொன்று இணைந்திருக்கும். உலர்ந்த பெல்லட்டை நேராக நீரில் தொங்கவிட்டு எடை பார்த்தால் நீர் துளைக்குள் புகுந்து, அடர்த்தி அதிகமாகத் தெரியும். முதலில் உலர்ந்த எடை. பிறகு வெற்றிடத்தில் ஊறவைத்து, நீரில் தொங்கவிட்டு எடை. கடைசியாக வெளியே எடுத்து, ஈரத் துணியால் மேற்பரப்பை மட்டும் ஒற்றி ஈர எடை. உலர்ந்த எடையை, ஈர எடைக்கும் தொங்கும் எடைக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுத்து, நீரின் அடர்த்தியால் பெருக்குங்கள். காய்ந்த துணியால் அழுத்தித் துடைத்தால் துளை நீரும் வெளியேறிக் கணக்கு கெடும். பெல்லட் 95 சதவீதத்தைத் தாண்டினால் துளைகள் பெரும்பாலும் மூடியிருக்கும், அப்போது இந்தச் சிரமம் வேண்டாம்.

இனி கடத்தல். 13 சதவீதத் துகளும் 10 சதவீதத் துளையும் சேர்ந்தாலும் கணக்குப்படி 70 சதவீதம் அளவில் நிற்க வேண்டும். உங்களுக்கு வந்தது 48. மீதியைத் தின்றது பெரும்பாலும் சிலிக்கன். 850 டிகிரிக்கு மேல் சிலிக்கன் கார்பைடு காப்பருடன் வினைபுரியும். சிலிக்கன் காப்பருக்குள் கரையும். அது மிகச் சிறிதளவு கரைந்தாலே கடத்தல் சரியும். முனைக்குச் சிலிக்கன் கார்பைடுக்குப் பதில் அலுமினா (அலுமினிய ஆக்ஸைடு) எடுங்கள், அது காப்பரோடு வினைபுரியாது.

இன்னொரு சந்தேகம் பவுடர் மேல். "99.9 சுத்தம்" என்று இடைத்தரகர் தரும் டப்பா மாதக்கணக்கில் திறந்து கிடந்து ஆக்ஸைடு ஏறியிருக்கலாம். பேட்ச் எண்ணுடன் ஹைட்ரஜன் லாஸ் மதிப்பு (ஹைட்ரஜனில் சூடாக்கும்போது ஆக்ஸிஜன் வெளியேறிக் குறையும் எடை) தராதவரிடம் வாங்காதீர்கள். ஆக்ஸைடு நீங்க, சின்டர் செய்யும்போது ஹைட்ரஜன் கலந்த வாயுவில் 350–400 டிகிரியில் ஒரு மணி நேரம் நிறுத்திவிட்டு மேலே ஏற்றுங்கள். துளை மூடிய பிறகு உள்ளே ஆக்ஸைடு மிச்சமிருந்தால் நீராவி உண்டாகிப் பெல்லட் உப்பும்.

பிரஸ் கேஜைப் பார்த்து ஏமாற வேண்டாம். 10 மி.மீ. டையில் (அச்சில்) பவுடர் மேல் 600 எம்.பி.ஏ. (மெகாபாஸ்கல்) அழுத்தம் வர 4.8 டன் விசை வேண்டும். கேஜ் காட்டுவது பிரஸ்ஸின் எண்ணெய் அழுத்தம், பவுடர் மேல் விழும் அழுத்தம் அல்ல.

ஹார்ட்னஸ் ரிப்போர்ட்டில் சுமை எழுதியிருக்கிறதா? 100 கிராம் சுமையில் சோதனை முனை பதிக்கும் தழும்பு சுமார் 50 மைக்ரான், துகள் திரண்ட இடத்தில் விழுந்தால் எண் எகிறும். 5 கிலோ சுமையில், குறைந்தது பத்து இடம், எல்லா எண்களும் ரிப்போர்ட்டில் இருக்க வேண்டும். 600 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்து மறுபடி அளக்கச் சொல்லுங்கள். முனை வேலை செய்வது சூட்டில்தான். கொள்முதல் பிரிவுகள் இன்னும் ஒரே ஒரு ஹார்ட்னஸ் எண்ணைக் கேட்டுவிட்டுப் பில்லைப் பாஸ் செய்கின்றன. அதனால்தான் இந்த ஏஜென்ட்டுகள் பிழைக்கிறார்கள். என்.ஏ.பி.எல். (ஆய்வகங்களுக்கு அங்கீகாரம் தரும் தேசிய வாரியம்) முத்திரை மட்டும் பார்க்காதீர்கள், உங்களுக்கு வேண்டிய சோதனை அந்த ஆய்வகத்தின் அங்கீகாரப் பட்டியலில் உள்ளதா என்று பாருங்கள். சாம்பிளை நீங்களே கொண்டுபோய்க் கொடுங்கள்.

அடுத்த பேட்ச்: 100 கிராமுக்கு 2.3 கிராம் அலுமினா, அதாவது கன அளவில் 5 சதவீதம். முழு அடர்த்தி 8.71. அதே பேட்சில் அலுமினா சேர்க்காத காப்பர் பெல்லட் ஒன்றையும் சின்டர் செய்யுங்கள். அதிலும் கடத்தல் குறைந்தால் கோளாறு பவுடரிலோ உலையிலோ இருக்கிறது.