சர்டிஃபிகேட்டைப் பூட்டி வைக்கலாமா?

அன்புள்ள சார்,

அம்பத்தூர் எஸ்டேட்டில் சின்ன சிஎன்சி (கம்ப்யூட்டர் புரோகிராமில் ஓடும் மெஷின்) பட்டறை நடத்துகிறேன், பதினொரு பேர். ஆறு வருடம் என்னிடம் தொழில் கற்ற சூப்பர்வைசர் போன மாதம் நின்றுவிட்டார். இரண்டு தெரு தள்ளி மெஷின் போட்டு, என் பார்ட்டிகள் மூன்று பேரை இழுத்துக்கொண்டார். கேஸ் போட்டால் வருடக்கணக்காகும், ஜெயிப்பதும் சந்தேகம் என்கிறார் வக்கீல். இனி சேர்பவர்களிடம் ஒரிஜினல் சர்டிஃபிகேட்டை வாங்கி வைத்துக்கொள்ளலாமா?

ம.

அன்புள்ள ம.,

வேண்டாம். டிப்ளமோ சர்டிஃபிகேட் வேலைக்குச் சேர்கிற பையனுடைய சொத்து. அதை உங்கள் பீரோவில் வைத்துப் பூட்டுகிற அன்றே அவன் வேறு வேலை தேட ஆரம்பித்துவிடுவான்.

வக்கீல் சொன்னது சரி. 1872-ஆம் வருட ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆவது பிரிவுப்படி, ஒருவரைத் தொழில் செய்யவிடாமல் தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது. வேலையில் இருக்கும்வரை போட்டியாளரிடம் போகாதே எனலாம். நின்ற பிறகு முடியாது. தொழில் ரகசியத்துக்கென்று தனிச் சட்டமும் இங்கே இல்லை. டிராயிங்கைத் தூக்கிக்கொண்டு போயிருந்தால் கோர்ட்டில் கேட்கலாம். கைப்பழக்கத்தைக் கொண்டுபோனதற்கு யாரிடம் கேட்பீர்கள்? கேட்கவும் கூடாது என்பேன்.

நகரத்தார் பர்மாவில் வட்டிக்கடை நடத்திய காலத்தை நினைத்துப் பாருங்கள். முதலாளி செட்டிநாட்டில் இருப்பார். கடலுக்கு அந்தப் பக்கம் பணப்பெட்டிச் சாவி ஏஜெண்டிடம். பெட்டியடிப் பையனாகச் சேர்ந்தவர் அடுத்தாளாகி, பிறகு ஏஜெண்டாவார். பொதுவாக மூன்று வருடக் கணக்கு, சம்பளத்தோடு லாபத்தில் பங்கு. ஊரும் கோயிலும் சொந்தபந்தமும் காவல் நின்றன. அந்தக் காவல் உங்களுக்கும் எனக்கும் கிடையாது. பங்கு கொடுக்க மட்டும் யாரும் தடுக்கவில்லை. ஆறு வருடத்தில் அவருக்கு என்ன கொடுத்தீர்கள் என்று உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லையே, அதுதான் எனக்கு உறுத்துகிறது.

கிண்டியில் ஒரு லேத் பட்டறையில் நான் கணக்கெழுதியிருக்கிறேன். மாதத்தின் முதல் சனிக்கிழமை முதலாளியே டிவிஎஸ் 50-இல் சலானோடு பார்ட்டிகளிடம் போவார். ஒவ்வொரு இடத்திலும் ஒரு டீ, அரை மணி நேரப் பேச்சு. ஃபோர்மேன் விலகித் தனிப் பட்டறை போட்டபோதும் பார்ட்டிகளின் போன் இவருக்குத்தான் வந்தது. உங்கள் பட்டறையில் பர்ச்சேஸ் மேனேஜருக்கு யாருடைய நம்பர் தெரியும்? மெஷின் புரோகிராம் யார் பென் டிரைவில் இருக்கிறது? இரண்டையும் இந்த வாரமே உங்கள் பக்கம் கொண்டுவாருங்கள்.

அந்த முதலாளி, தன்னால் முடிக்க முடியாத ஆர்டர்களை ஃபோர்மேனுக்கே ஜாப் ஒர்க்காக அனுப்பினார். அந்த சலான்களையும் நான்தான் எழுதினேன். உங்கள் சூப்பர்வைசர் இரண்டு தெரு தள்ளித்தானே இருக்கிறார்? ஒருநாள் போய்ப் பாருங்கள்.