அப்பாவின் கையிலிருந்து செல்போனை வாங்கிவிடலாமா?

கேள்வி: என் அப்பாவுக்கு 71 வயது. பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அம்மா இறந்த பிறகு திருச்சி வீட்டில் தனியாக இருக்கிறார். நான் சென்னையில், தம்பி கோவையில். நாங்கள் வாங்கிக் கொடுத்த ஸ்மார்ட்போன்தான் இப்போது அவருக்கு எல்லாமே. காலையில் குடும்ப குரூப்பில் ஃபார்வர்டு போட ஆரம்பித்தால் இரவு வரை போகும். போன மாதம் 'மும்பை போலீஸ்' என்று ஒருவன் வீடியோ காலில் வந்து இரண்டு மணி நேரத்துக்கு மேல் அவரைப் பிடித்து வைத்திருக்கிறான். பக்கத்து வீட்டு அக்கா எதேச்சையாக வந்து பார்த்ததால் பணம் தப்பியது. ஸ்மார்ட்போனை வாங்கிக்கொண்டு பட்டன் போன் கொடுத்துவிடலாம் என்கிறான் தம்பி. எனக்கு மனசு வரவில்லை. யூடியூபில் யாரோ சொன்னதைக் கேட்டு, சர்க்கரை மாத்திரையையும் பாதியாகக் குறைத்துக்கொண்டிருக்கிறார் என்று இப்போதுதான் தெரியவந்தது. என்ன செய்வது? (வாசகி, சென்னை)

பதில்: போனை வாங்க வேண்டாம். உங்கள் தம்பியின் பயம் நியாயமானதுதான், ஆனால் பட்டன் போன் கொடுத்தால் ஆபத்து போய்விடாது. இந்த மோசடி பல நேரம் சாதாரணக் குரல் அழைப்பில்தான் தொடங்குகிறது. "டிராயிலிருந்து (தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்) பேசுகிறோம், இரண்டு மணி நேரத்தில் உங்கள் நம்பர் துண்டிக்கப்படும், விவரம் அறிய 9-ஐ அழுத்தவும்" என்று ஒரு பதிவுக் குரல் வரும். அது பட்டன் போனிலும் வரும். பணமும் போன் வழியாக மட்டும் போவதில்லை. மிரண்டுபோன பெரியவர்கள் தாங்களே வங்கிக்குப் போய், ஃபிக்சட் டெபாசிட்டை முறித்து, பெரிய தொகை அனுப்பும் ஆர்டிஜிஎஸ் படிவம் எழுதிக் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். அதைவிட எனக்குக் கவலையான விஷயம் ஒன்று உண்டு. ஏமாறப் போனதற்குத் தண்டனையாகப் போனைப் பிடுங்கினீர்கள் என்றால், அடுத்த முறை ஏதாவது நடந்தால் அப்பா உங்களிடம் சொல்லவே மாட்டார். அவர் உங்களிடம் சொல்வதுதான் நமக்கு இருக்கும் முதல் பாதுகாப்பு.

அந்தப் போன் அவருக்கு என்னவெல்லாம் செய்கிறது என்றும் பாருங்கள். பழைய பணிமனை நண்பர்களின் குரூப் அதில்தான் இருக்கும். யாருக்கு உடம்பு சரியில்லை, பென்ஷனில் என்ன மாற்றம் என்பதெல்லாம் அங்கேதான் பேசப்படும். பேரப் பிள்ளைகளின் முகம் அதில்தான் தெரிகிறது. முன்பெல்லாம் நவம்பர் வந்தால் ஆயுள் சான்றுக்காக வங்கியில் வரிசை நிற்க வேண்டும். ஜீவன் பிரமாண் என்ற டிஜிட்டல் ஆயுள் சான்று 2014-இல் வந்தது. 2021 நவம்பரிலிருந்து செல்போன் கேமராவில் முகத்தைக் காட்டியே வீட்டிலிருந்து முடித்துவிடலாம். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் எந்தத் தெருவில் யார் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள், படகு எங்கே இருக்கிறது என்ற தகவலெல்லாம் வாட்ஸ்அப்பிலும் ட்விட்டரிலும்தான் பறந்தன. படிக்கும் பழக்கம் உள்ளவர் என்றால், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய புத்தகங்களும் இதழ்களும் இலவசமாகக் கிடக்கின்றன. தனியாக இருக்கும் ஒருவரிடமிருந்து இத்தனையையும் ஒரே நாளில் எடுப்பது சரியில்லை.

சரி, அந்த வீடியோ காலுக்கு வருவோம். இதற்கு 'டிஜிட்டல் அரெஸ்ட்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நம் நாட்டுச் சட்டத்தில் அப்படி ஒரு கைதே கிடையாது. முதலில் பேசுபவன் கூரியர்காரன் மாதிரியோ தொலைபேசித் துறை ஊழியர் மாதிரியோ நிதானமாகப் பேசுவான். உங்கள் ஆதாரை வைத்து மும்பையில் யாரோ கணக்கு திறந்திருக்கிறார்கள், அதில் கறுப்புப் பணம் புழங்கியிருக்கிறது, போலீஸிடம் இணைப்பைக் கொடுக்கிறேன் என்பான். அப்புறம் வீடியோவில் காக்கிச் சட்டை வரும். பின்னால் சுவரில் காவல்துறைச் சின்னம், மேஜையில் கொடி, இடையிடையே வாக்கிடாக்கி இரைச்சல். முத்திரை குத்திய காகிதம் ஒன்று வாட்ஸ்அப்பில் வரும். அதில் சிபிஐ பெயர் இருக்கும், ரிசர்வ் வங்கி பெயர் இருக்கும், உச்ச நீதிமன்றத்தின் பெயரே இருக்கும். "கேமராவை அணைக்காதீர்கள். கதவைச் சாத்துங்கள். பிள்ளைகளிடம் சொன்னால் அவர்கள் பெயரும் வழக்கில் சேரும்." கடைசியில்தான் பணம். "சரிபார்ப்பதற்காக இந்தக் கணக்குக்கு மாற்றுங்கள், சுத்தமான பணம் என்றால் திரும்பி வந்துவிடும்."

ஓய்வூதியர் கூட்டங்களில் இதைப் பற்றிப் பேசும்போதெல்லாம் நான் பார்ப்பது இதுதான்: விவரம் தெரியாதவர்கள் மட்டும் மாட்டுவதில்லை. வாழ்நாள் முழுக்க மெமோவுக்கும் விதிக்கும் கட்டுப்பட்டு, ஒரு கரும்புள்ளி இல்லாமல் வேலை பார்த்தவர்கள்தான் அதிகம் நடுங்கிப் போகிறார்கள். 'என் பெயரில் கேஸா' என்ற ஒரு அடியிலேயே அவர்களுக்கு யோசனை நின்றுவிடுகிறது. அப்பாவை 'எப்படிப்பா இதை நம்பினீங்க' என்று கேட்காதீர்கள். 2024 அக்டோபரில் பிரதமர் தன் மனதின் குரல் உரையில் இதைப் பற்றி மக்களை எச்சரிக்க வேண்டியிருந்தது. 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் இதைத் தானாக முன்வந்து வழக்காக எடுத்தது. ஹரியானாவில் ஒரு வயதான தம்பதியை அந்த நீதிமன்றத்தின் பெயரிலேயே போலி உத்தரவு காட்டி ஏமாற்றியிருந்தார்கள். இவ்வளவு பெரிய வலையில் தன் அப்பா தடுமாறியதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்று நீங்கள் முதலில் நம்ப வேண்டும். அப்போதுதான் அவரும் நம்புவார்.

அவருக்குப் பத்து விதி சொல்லாதீர்கள், பதற்றத்தில் ஒன்றும் நினைவில் நிற்காது. ஒன்றே ஒன்று போதும்: 'யாரிடமும் சொல்லாதே' என்று எவன் சொன்னாலும் போனை வைத்துவிட்டு எனக்கோ தம்பிக்கோ கூப்பிடுங்கள். போலீஸ், வங்கி, மின்வாரியம், பென்ஷன் ஆபீஸ், யார் பெயரில் வந்தாலும் இதுதான். அசல் அதிகாரியாக இருந்தால் போனை வைத்ததற்காக ஒன்றும் ஆகிவிடாது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அந்தப் பயம்தான் பெரியவர்களைப் போனை வைக்கவிடாமல் செய்கிறது. பக்கத்து வீட்டு அக்காவின் நம்பரையும் அந்தப் பட்டியலில் சேர்த்துவிடுங்கள். சென்னையிலிருந்து நீங்கள் போய்ச் சேர்வதற்குள் அவர் வாசலுக்கு வந்துவிடுவார்.

அடுத்தது பணம். எவ்வளவு எச்சரித்தாலும் மனிதன் ஒரு நாள் அசரக்கூடும். அந்த ஒரு நாளில் போகக்கூடிய தொகை சின்னதாக இருக்கட்டும். பென்ஷன் வரும் கணக்கை யூபிஐயில் இணைக்காதீர்கள். வேறொரு வங்கியில் சிறு கணக்கு ஒன்றைத் திறந்து, மாதச் செலவுக்கான ஐயாயிரமோ பத்தாயிரமோ அதில் போட்டு, கூகுள் பே, போன்பே எல்லாவற்றையும் அதோடு மட்டும் இணையுங்கள். மளிகைக்கும் ஆட்டோவுக்கும் அது தாராளம். பென்ஷன் கணக்கில் நெட் பேங்கிங் வசதி இருந்தால், அவர் அதைப் பயன்படுத்துவதில்லை என்றால், வங்கியில் எழுதிக் கொடுத்து நிறுத்திவிடலாம். கிளை மேலாளரை அப்பாவுடன் போய் ஒருமுறை பாருங்கள். பெரிய வைப்புத்தொகையை அவசரமாக முறிக்க வந்தால் என்னிடம் ஒரு வார்த்தை கேளுங்கள் என்று அப்பா முன்னிலையில், அவர் சம்மதத்தோடு சொல்லி வையுங்கள். யூபிஐ ரகசிய எண் பணம் அனுப்பவும் இருப்பைப் பார்க்கவும்தான், பணம் வாங்க அது தேவையே இல்லை என்பதையும் அவருக்குப் புரிய வைத்துவிடுங்கள். 'பணம் வந்திருக்கிறது, எண்ணைப் போட்டு எடுத்துக்கொள்ளுங்கள்' என்ற மோசடி அதோடு அடிபட்டுப்போகும்.

இத்தனைக்குப் பிறகும் பணம் போய்விட்டால் 1930. நாடு முழுக்க ஒரே எண்தான். உறவினர்களைக் கூட்டி வைத்து யோசிக்க வேண்டாம், காவல் நிலையம் திறக்கட்டும் என்று காலை வரை காத்திருக்கவும் வேண்டாம். அனுப்பிய பணம் சில நிமிடங்களிலேயே மோசடிக்காரர்கள் பிறரிடம் வாடகைக்கு எடுத்த பல கணக்குகளுக்குப் பிரிந்து போய்விடும். 1930-இல் புகார் பதிவானால் அந்தச் சங்கிலியில் உள்ள வங்கிகளுக்குத் தகவல் போய், இன்னும் எடுக்கப்படாமல் கிடக்கும் தொகை முடக்கப்படும். முடங்கிய பணத்துக்குத்தான் திரும்பி வர வாய்ப்பு இருக்கிறது. யூபிஐ ரசீதில் உள்ள 12 இலக்கப் பரிவர்த்தனை எண், தேதி, தொகை இவற்றைக் கையில் வைத்துக்கொண்டு கூப்பிடுங்கள். பிறகு சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் தளத்தில் எழுத்துப்பூர்வமாகவும் பதியுங்கள். வங்கிக்கும் அதே வேகத்தில் சொல்ல வேண்டும். ரிசர்வ் வங்கியின் 2017 சுற்றறிக்கைப்படி, ஓடிபியைத் தெரியாமல் சொல்லி அதனால் கணக்கிலிருந்து பணம் திருடப்பட்டிருந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரையிலான இழப்பு நம்முடையது. தெரிவித்த பிறகு போகும் பணத்துக்கு வங்கி பொறுப்பு.

போனைச் சரிசெய்ய ஒரு ஞாயிற்றுக்கிழமை திருச்சிக்குப் போய் உட்காருங்கள். போனை அவர் கையிலேயே வைத்துக்கொள்ளட்டும், நீங்கள் சொல்லச் சொல்ல அவரே அழுத்தட்டும். முதலில் எழுத்தின் அளவைப் பெரிதாக்குங்கள். சின்ன எழுத்தைப் படிக்க முடியாமல் 'சரி' என்ற இடத்தில் அழுத்தித் தள்ளுபவர்கள் நிறையப் பேர். வாட்ஸ்அப்பில் செட்டிங்ஸ் போய், பிரைவசியில் உள்ள குரூப்ஸ் பகுதியில் 'என் தொடர்புகள்' என்று வைத்துவிட்டால் கண்டவர்கள் அவரைப் பங்குச்சந்தை குரூப்பில் சேர்க்க முடியாது. அதே பிரைவசியில் அழைப்புகள் பகுதிக்குப் போய், அறியாத எண்களின் அழைப்பை ஒலிக்காமல் செய்யும் வசதியை இயக்குங்கள். அந்த மும்பை போலீஸ்காரன் வாட்ஸ்அப்பில் கூப்பிட்டால் இனி மணி அடிக்காது. அக்கவுன்ட் பகுதியில் இரண்டு கட்டச் சரிபார்ப்புக்கு ஆறு இலக்க எண் ஒன்றை வைத்து, அதை வீட்டில் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

கல்யாணப் பத்திரிகை என்றோ போக்குவரத்து அபராதம் என்றோ ஏபிகே என்று முடியும் கோப்பு வந்தால் தொடவே கூடாது. அது படமில்லை, ஒரு செயலி. உள்ளே போனால் குறுஞ்செய்தியில் வரும் ஓடிபியை எல்லாம் அவன் படிப்பான். தெரிந்தவர் நம்பரிலிருந்து வந்தாலும் தொடக்கூடாது, அவர் போன் ஏற்கெனவே போயிருக்கலாம். நட்சத்திரக் குறி போட்டு 401 என்று தொடங்கும் எண்ணை அழுத்தச் சொன்னாலும் அப்படித்தான். அது அவருக்கு வரும் அழைப்புகளை வேறொருவனுக்குத் திருப்பிவிடும்.

ஃபார்வர்டு விஷயத்தில் கொஞ்சம் கண்டிப்பாகவே இருங்கள். காலை வணக்கமும் முருகன் படமும் யாரையும் ஒன்றும் செய்யாது, விட்டுவிடுங்கள். ஆனால் பயத்தையும் கோபத்தையும் கிளப்பும் செய்திகள் வேறு. 2018 மே மாதம், குழந்தை கடத்தும் கும்பல் ஊருக்குள் வந்திருக்கிறது என்று வட மாவட்டங்களில் வாட்ஸ்அப் செய்தி சுற்றிக்கொண்டிருந்தது. சென்னையிலிருந்து குலதெய்வக் கோயிலுக்குக் காரில் கிளம்பிய ஒரு குடும்பம், திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே அத்திமூரில் வழி கேட்க நின்றது. அங்கே விளையாடிய குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார்கள். அதற்காக ஊர் கூடி அடித்ததில் 65 வயது அம்மா ஒருவர் செத்துப்போனார். அந்தச் செய்தியை அனுப்பியவர்களில் பெரும்பாலோர் உங்கள் அப்பாவைப் போல, நாலு பேருக்கு நல்லது செய்கிறோம் என்று நினைத்தவர்கள்தான். அதற்கு முந்தைய ஆண்டு பிப்ரவரியில் தட்டம்மை, ரூபெல்லா தடுப்பூசி முகாமின்போதும் இதே கதை. வதந்தியை நம்பிப் பெற்றோர் பிள்ளைகளை அனுப்ப மறுத்ததில் முகாமையே நீட்டிக்க வேண்டியிருந்தது.

செய்தியின் மேலே இரட்டை அம்புக்குறி இருந்தால், அது பல கைகள் தாண்டி வந்தது என்று பொருள். எழுதியவர் யார் என்று அனுப்பியவருக்கே தெரியாது. இரட்டை அம்பு இருந்தால் அனுப்புவதற்கு முன் உங்களுக்கு மட்டும் அனுப்பிக் கேட்கச் சொல்லுங்கள். தவறாக ஒன்றைப் போட்டுவிட்டால், குடும்ப குரூப்பில் சித்தப்பா பெரியப்பா முன்னால் திருத்தாதீர்கள். தனியாகப் போன் போட்டு, 'அப்பா, அது பொய்யாம், அழிச்சிடுங்க' என்று சொன்னால் முடிந்தது. குரூப்பில் மானம் போனவர் அடுத்த நாள் அதையே இன்னும் இரண்டு குரூப்பில் போடுவார். எத்தனையோ வீடுகளில் பார்த்தாயிற்று.

நீங்கள் கடைசி வரியில் எழுதிய விஷயத்தைத்தான் நான் முதலில் கவனிக்கச் சொல்வேன். யூடியூப் அவர் பார்ப்பதை வைத்துத்தான் அடுத்ததைக் காட்டும். 'மாத்திரை இல்லாமல் சர்க்கரை குணம்' என்ற வீடியோவை முழுசாகப் பார்த்தால், மறுநாள் அதே மாதிரி பத்து வரும். ஊரே அப்படித்தான் சொல்கிறது என்று அவருக்குத் தோன்றிவிடும். அந்த வீடியோக்களைப் பார்வை வரலாற்றிலிருந்து நீக்குங்கள். முகப்பில் அப்படி வரும் ஒவ்வொன்றின் பக்கத்திலும் உள்ள மூன்று புள்ளிகளை அழுத்தி 'இந்தச் சேனலைப் பரிந்துரைக்காதே' என்று கொடுங்கள். அவருக்குப் பிடித்த பழைய பாட்டையும் கச்சேரியையும் சில நாள் தொடர்ந்து போட்டால் முகப்புப் பக்கமே மாறிவிடும். ஆனால் அது மெதுவாக நடக்கும் வேலை, உடம்பு அதுவரை காத்திருக்காது. நாளைக்கே போன் செய்து, டாக்டர் எழுதிய அளவில் மாத்திரையைப் போடச் சொல்லுங்கள். எத்தனை நாளாகக் குறைத்தார் என்பதைக் குறித்துக்கொண்டு அந்த டாக்டரிடமும் பேசிவிடுங்கள். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனையை இந்த வாரமே எடுக்க வேண்டும். மாத்திரையைக் குறைக்க அவருக்கு உண்மையிலேயே ஆசை இருந்தால், அந்த வீடியோவையே டாக்டரிடம் காட்டிக் கேட்கட்டும். போன் செட்டிங்ஸ், வங்கிக் கணக்கு எல்லாம் அதற்குப் பிறகு வரும் ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்ளலாம்.