மேயர் எம்.பி. ஆகிவிட்டார், வீட்டு மனு என்ன ஆகும்?

கேள்வி: பாரிஸ் புறநகரில் இருக்கிறோம். மலிவு வாடகை வீட்டுக்கு மனு போட்டு வருடக்கணக்காகிறது. எங்கள் மேயர் இப்போது எம்.பி. ஆகிவிட்டார். “இனி அவருக்கு இரட்டைச் செல்வாக்கு, செலவுக்குக் கொடுத்தால் முடித்துத் தருகிறேன்” என்கிறார் தெரிந்தவர் ஒருவர். நம்பலாமா?

நம்பாதீர்கள். எம்.பி. ஆனவர் மேயராக நீடிக்க முடியாது. 2014-இல் இயற்றிய சட்டம் 2017 முதல் நடைமுறையில் இருக்கிறது. தேர்தல் முடிவு அறிவித்த 30 நாளுக்குள் அவர் மேயர் நாற்காலியை விட்டாக வேண்டும். துணை மேயராகவும் இருக்கக் கூடாது. நகரசபை வேறொருவரைத் தேர்ந்தெடுக்கும். சாதாரண உறுப்பினராக மட்டும் அவர் சபையில் உட்காரலாம். அவர் முகத்தை அங்கே பார்த்துவிட்டுத்தான் ‘இரட்டைச் செல்வாக்கு’ என்று கதை கட்டுகிறார்கள்.

எத்துவார் பிலிப் பிரதமராகவும் லு ஆவ்ர் நகர மேயராகவும் இருந்தாரே என்று உங்களிடம் சொல்லியிருப்பார்கள். சற்று விளக்க வேண்டிய விஷயம் இது. 2010-இல் மேயரானவர், 2012-இல் எம்.பி.யும் ஆனார்; பழைய விதி அதற்கு இடம் கொடுத்தது. 2017 மே மாதம் பிரதமரானதும் மேயர் பதவியை விட்டார், ஆனால் சபை உறுப்பினராகத் தொடர்ந்தார். 2020 ஜூலையில் பிரதமர் பதவி போன இரண்டாவது நாளே மறுபடி மேயர். 2017-இல் அவர் மேயர் பதவியை விட்டது வெறும் மரபுக்காக. அமைச்சர் மேயராக இருக்கக் கூடாதென்று சட்டம் எதுவும் இல்லை! அதனால்தான் 2024 டிசம்பரில் பிரதமரான பிரான்சுவா பைரூ, போ நகர மேயராகவும் நீடித்தார். எம்.பி.க்குத் தடை, பிரதமருக்கு இல்லை. இப்படிச் சட்டம் எழுதினால் தரகர் பிழைக்காமல் என்ன செய்வார்?

உங்கள் வீட்டு விஷயத்துக்கு இதெல்லாம் ஒட்டாது. வீட்டைக் கொடுப்பது வீட்டு நிறுவனத்தின் ஒதுக்கீட்டுக் குழு. நகரசபை தன் பங்குக்குப் பெயர்களை முன்மொழியலாம். மேயர் அந்தக் குழுவில் ஓர் உறுப்பினர். எம்.பி.க்கு அங்கே இடமே இல்லை. மனுவுக்குக் கட்டணமும் இல்லை, ஒரு சென்டிம்கூட.

தரகர்கள் செய்யும் பெரிய கெடுதல் காசு பிடுங்குவது மட்டுமல்ல. “நான் பார்த்துக்கொள்கிறேன்” என்று சொல்லிவிட்டு, வருடாந்திரப் புதுப்பிப்பைக் கோட்டைவிடுவார்கள். புதுப்பிக்காத மனு ரத்தாகிவிடும். காத்திருந்த வருடங்களும் அதோடு போகும்.

உங்கள் மனு எண் கையில் இருக்கிறதா? இணையத்திலோ மேரியிலோ (நகரசபை அலுவலகம்) கொடுத்து, கெடு எப்போது என்று இந்த வாரமே பாருங்கள். வருமான வரிச் சான்று நகலை அந்த ஆளிடம் கொடுத்திருந்தால் உடனே திருப்பி வாங்குங்கள்.