500-ல் ஒன்று அபூர்வமா, மாமனாரின் ஒமேகா அபூர்வமா?

பினாங்கு ஜெலுத்தோங்கிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். பாயான் லெப்பாஸில் வேலை, வயது 41. கேர்னி டிரைவ் பக்கம் ஒரு கடையில் சுவிஸ் ஆட்டோமேட்டிக் வாட்ச் ஒன்றைக் காட்டியிருக்கிறார்கள். பின்மூடியில் 212/500 என்று பொறித்திருக்கிறது, அதாவது மொத்தமே 500, அதில் இது 212-வது. விலை 24,000 வெள்ளி (ரிங்கிட்). "இனிமேல் கிடைக்காது, விலை ஏறிக்கொண்டே போகும்" என்றாராம் கடைக்காரர். வீட்டில் மாமனார் கொடுத்த 1968 ஒமேகா சீமாஸ்டர் வாட்ச் ஒன்றும் இருக்கிறதாம். அதன் டயல் மங்கிவிட்டது. டயலுக்குப் புதுப் பெயிண்ட் அடித்து, கேஸுக்கு (வெளிக்கூட்டுக்கு) பாலிஷ் போட்டு சேகரிப்பைத் தொடங்கலாமா என்று கேட்கிறார்.

மாமனாரின் வாட்சுக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். பெயிண்ட்டும் வேண்டாம், பாலிஷும் வேண்டாம். காரணம் கீழே வருகிறது.

500 என்பது கம்பெனி தானாக முடிவு செய்த எண். அதைக் கேட்டு வருபவர்கள் 300 பேர்தான் என்றால், அந்த வாட்ச் தேவைக்கு மேல் இருக்கிறது என்று அர்த்தம். ஒமேகா 2015-ல் ஸ்னூப்பி என்ற கார்ட்டூன் நாயின் படம் போட்ட ஸ்பீட்மாஸ்டர் மாடலை 1,970 மட்டும் செய்தது. அப்பல்லோ 13 விண்கலம் பறந்த 1970-ஐ நினைவுபடுத்தும் எண் அது. 500-ஐப் போலக் கிட்டத்தட்ட நான்கு மடங்கு. ஆனாலும் இன்று அது அன்றைய கடை விலையைப் போலப் பல மடங்குக்குக் கைமாறுகிறது, ஏனென்றால் உலகம் முழுவதும் அதற்கு ஆள் காத்திருக்கிறது. எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் இது புரியாது.

விற்காமல் கிடந்ததே அபூர்வமான கதையும் உண்டு. 1960-களில் ரோலெக்ஸ் கம்பெனியின் டேட்டோனா மாடலில் ஒரு வகை டயல், உள்வட்டங்களில் சின்னச் சதுரம் சதுரமாகக் குறி போட்டது, கடைகளில் யாருக்கும் பிடிக்கவில்லை. பிடிக்காததால் அதிகம் விற்கவில்லை. பிற்பாடு நடிகர் பால் நியூமன் அணிந்தது என்று பெயர் வந்ததும் நிலைமை தலைகீழானது. அவர் கையில் கட்டியிருந்த அதே வாட்ச் 2017-ல் நியூயார்க் ஏலத்தில் 17.7 மில்லியன் அமெரிக்க டாலரைத் தாண்டியது. அதில் பெரும்பங்கு அந்த மனிதரின் கைக்குக் கொடுத்த விலை.

நம்மவர்களுக்கு நம்பக் கஷ்டமான இன்னொன்று: தங்கத்தைவிட எஃகு விலை அதிகமாகலாம். படேக் பிலிப் என்ற சுவிஸ் வாட்ச் கம்பெனியின் 1518 என்ற மாடல் 1941-ல் வந்தது, மொத்தம் 281 தான் செய்தார்கள். கிட்டத்தட்ட எல்லாமே தங்கம். எஃகில் செய்ததாகத் தெரிய வந்தவை நான்கே நான்கு. அதில் ஒன்று 2016-ல் ஜெனீவாவில் 11 மில்லியன் சுவிஸ் பிராங்குக்கு மேல் போனது.

இப்போது மாமனாரின் வாட்சுக்கு வருவோம். 60-களில் ஒமேகா சீமாஸ்டர்களை ஏராளமாகச் செய்து உலகம் முழுக்க விற்றது. அந்தக் கணக்கில் அது ரேர் இல்லை. ஆனால் பினாங்கின் ஈரக் காற்றில் அரை நூற்றாண்டு கிடந்தும் யார் கையும் படாத டயலோடு இருக்கும் சீமாஸ்டர் எத்தனை? என் மேசைக்கு வரும் பழைய வாட்சுகளில் பெரும்பாலானவற்றின் டயல் எப்போதோ பெயிண்ட் அடித்தது. புள்ளி விழுந்தால் புதிதாக அடித்துத் தருவதைத்தான் அந்தக் காலத்தில் நல்ல சர்வீஸ் என்று நினைத்தார்கள், வாடிக்கையாளரும் அதைத்தான் கேட்டார். அதனாலேயே நம் ஊரில் மங்கின டயல்தான் கிடைக்காத பொருளாகிவிட்டது.

10 மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று வாங்குங்கள், விலை கொஞ்சம்தான். டயலின் எழுத்துகளைப் பாருங்கள். அசல் அச்சு ஓரம் பிசிறில்லாமல், லேசாக மேலெழும்பி நிற்கும். பெயிண்ட் அடித்ததில் எழுத்து தடித்து, அதன் ஒரு கோடும் இன்னொரு கோடும் சமமாக இருக்காது. நிமிடக் கோடுகள் மணிக் குறிகளுக்கு நேராக வராமல் தள்ளி நிற்கும். முள்ளில் ஒளிரும் பூச்சு இருந்தால் இரவில் விளக்கை அணைத்துப் பாருங்கள். அந்தக் காலத்துப் பூச்சு டிரிட்டியம் என்ற கதிரியக்கப் பொருள் கலந்தது. சுமார் 12 வருடத்துக்கு ஒருமுறை அதன் கதிரியக்கம் பாதியாகக் குறையும். 1968 வாட்ச் இன்றைக்கும் இரவெல்லாம் பளிச்சென்று ஒளிர்ந்தால் யாரோ புதிதாகப் பூசியிருக்கிறார்கள். அப்புறம் கண்ணாடியின் நட்டநடுவில் பாருங்கள். அசல் பிளாஸ்டிக் கண்ணாடியாக இருந்தால் கடுகைவிடச் சின்னதாக ஒரு ஒமேகா குறி தெரியும். முதல்முறை அதைக் கண்டுபிடிக்கும்போது வரும் சந்தோஷம் தனி.

பாலிஷ் வேண்டாம் என்பதும் இதே காரணத்தால்தான். பாலிஷ் என்றால் உலோகத்தைத் தேய்த்து எடுப்பது. வார் மாட்டும் கொம்புகளின் கூர்மையான விளிம்பு ஒருமுறை உருண்டுவிட்டால் திரும்ப வராது.

பழைய வாட்ச் என்றாலே நம்பிவிடவும் கூடாது. 2021-ல் ஜெனீவாவில் 3 மில்லியன் பிராங்குக்கு மேல் ஏலம் போன ஒரு ஸ்பீட்மாஸ்டர் பல வாட்சுகளின் பாகங்களைச் சேர்த்து உருவாக்கியது என்று 2023-ல் தெரிந்தது. வாங்கியது ஒமேகாவின் சொந்த மியூசியமே. லோரோங் கூலிட் பழைய சாமான் சந்தையில் வாங்கினாலும் சரி, ஏலத்தில் வாங்கினாலும் சரி, பின்மூடியைத் திறந்து காட்டாதவரிடம் பணம் கொடுக்காதீர்கள்.

சரி, அந்த 24,000 வெள்ளி வாட்ச்? கடைக்காரரிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: "அடுத்த வருடம் இதையே கொண்டுவந்தால் நீங்கள் என்ன விலைக்கு எடுப்பீர்கள்?" அதே கம்பெனி ஐந்து வருடத்துக்கு முன் விட்ட லிமிடெட் எடிஷன் இன்று செகண்ட் ஹேண்டில் என்ன விலை என்றும் விசாரியுங்கள். அது கடை விலைக்குக் கீழே இருந்தால் இதுவும் அப்படித்தான் போகும். வாட்ச் மனதுக்குப் பிடித்திருந்தால் தாராளமாக வாங்கிக் கட்டுங்கள். விலை ஏறும் என்ற கணக்கில் வாங்குவதாக இருந்தால் எனக்குச் சம்மதமில்லை.

மாமனாரின் சீமாஸ்டரை விற்றால் அந்தப் புது வாட்சின் பாதி விலைகூட வராது, அதையும் சொல்லிவிட வேண்டும். இருந்தாலும் இரண்டில் அதிகம் கிடைக்காதது அதுதான். சர்வீஸுக்குக் கொடுக்கும்போது "எண்ணெய் மாற்றி ஓட வைத்தால் போதும், டயலையும் கேஸையும் தொட வேண்டாம்" என்று ரசீதிலேயே எழுதச் சொல்லுங்கள். கழற்றிய பழைய பாகங்களைக் கேட்டு வாங்கி ஒரு பொட்டலத்தில் வையுங்கள். இயந்திரத்தின் மேல் இருக்கும் 8 இலக்க எண்ணைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அப்புறம் மாமனாரிடம் உட்கார்ந்து, எந்தத் தெருவில், எந்தக் கடையில், எத்தனை வெள்ளிக்கு வாங்கினார் என்று கேட்டு எழுதி வையுங்கள். பழைய டப்பாவில் எங்காவது ரசீது கிடக்கிறதா என்று மாமியாரிடமும் கேளுங்கள்.