சம்பளத்தில் பாகுபாடு: அமெரிக்க அரசியல் சட்டம் கைகொடுக்குமா?

கேள்வி: டல்லாஸில் ஒரு தனியார் ஐடி நிறுவனத்தில் ஹெச்1பி விசாவில் வேலை செய்கிறேன். என் டீமில் இதே வேலையைச் செய்யும் ஆணுக்கு என்னைவிடச் சம்பளம் அதிகம் என்று தற்செயலாகத் தெரிந்தது. ஆண் பெண் சம உரிமைத் திருத்தம் அமெரிக்க அரசியல் சட்டத்தில் சேர்ந்துவிட்டதாக 2025 ஜனவரியில் படித்தேன். அதை வைத்து வழக்குப் போடலாமா? - ஒரு வாசகி

பதில்: அதை வைத்துப் போட முடியாது. நீங்கள் படித்தது அன்றைய அதிபர் பைடனின் அறிவிப்பு. திருத்தத்தை ஏற்பதில் அதிபருக்கு வேலையே கிடையாது. 38 மாநிலங்கள் ஒப்ப வேண்டும். 1972-ல் நாடாளுமன்றம் வைத்த கெடு, நீட்டிப்பும் சேர்த்து, 1982-ல் முடிந்தது. அதற்குள் தேறியவை 35. நெவாடா, இல்லினாய், வர்ஜீனியா மூன்றும் 2017-லிருந்து 2020-க்குள்தான் வந்தன. முன்பே ஒப்பியதில் ஐந்து மாநிலங்கள் பின்வாங்கவும் செய்தன. இந்தச் சிக்கலால், திருத்தம் சேர்ந்துவிட்டது என்று சான்று தர வேண்டிய தேசிய ஆவணக் காப்பாளர் அதைத் தரவில்லை.

சரி, தந்திருந்தாலும் அந்தத் திருத்தம் கட்டுப்படுத்துவது அரசுகளைத்தான், உங்கள் முதலாளியை அல்ல. டெக்சஸ் அரசியல் சட்டத்திலேயே 1972 முதல் இப்படி ஒரு பிரிவு இருக்கிறது. அங்கேயே வாழ்பவர்களில் பலருக்குத் தெரியாது!

உங்களுக்கு உதவப்போவது 1963-ன் சம ஊதியச் சட்டமும் 1964-ன் குடிமை உரிமைச் சட்டமும். விசாவில் இருப்பவருக்கும் இவை பொருந்தும். சம ஊதியச் சட்டத்தின்படி நேரே கோர்ட்டுக்குப் போகலாம். அதற்கு இரண்டு வருஷம், வேண்டுமென்றே செய்தது என்றால் மூன்று. மற்றதற்கு முதலில் புகார் தர வேண்டும்: டெக்சஸ் மாநில ஆணையத்தில் 180 நாள், மத்திய ஆணையத்தில் 300 நாள். 180-ஐயே கெடுவாக வைத்துக்கொள்ளுங்கள். சம்பளச் சீட்டு, வேலை விவரக் கடிதம், விஷயம் தெரியவந்த தேதி எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள்.

அலபாமாவில் ஒரு டயர் ஆலையில் மேற்பார்வையாளராக இருந்தவர் லில்லி லெட்பெட்டர். அவருக்கு மாதம் 3,727 டாலர்; அதே பதவியில் ஆண்களில் மிகக் குறைவாக வாங்கியவருக்கே 4,286. யாரோ போட்டுவிட்டுப் போன துண்டுச் சீட்டில்தான் அவருக்கு இது தெரிந்தது. சம்பளத்தை முடிவு செய்த 180 நாளுக்குள் புகார் தரவில்லை என்று 2007-ல் உச்ச நீதிமன்றம் கைவிரித்தது. 2009-ல் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி, குறைத்துத் தரும் ஒவ்வொரு சம்பளத்திலிருந்தும் அந்த நாள் கணக்கு புதிதாகத் தொடங்கும் என்றது.

சாதாரணச் சட்டம் என்பதால் இதை இன்னொரு நாடாளுமன்றம் மாற்றியும் எழுதலாம். அரசியல் சட்டத்தில் உரிமை வேண்டும் என்று கேட்பது இதற்குத்தான். நம் ஊரில் 1950 முதலே 15-ஆம் பிரிவில் ‘பால்’ என்ற சொல் இருக்கிறது. அங்கே வாக்குரிமை தந்த 19-ஆம் திருத்தத்தைத் தவிர வேறெங்கும் இல்லை. சம உரிமைத் திருத்தத்துக்கு வைத்த அந்த 1982 கெடுவை நீக்கச் சொல்லி உங்கள் தொகுதி உறுப்பினருக்கு எழுதுங்கள். எழுத ஓட்டுரிமை தேவையில்லை.

அப்புறம், வேலை மாறும் எண்ணம் இருந்தால் அதற்கு முன்பே வக்கீலைப் பாருங்கள். விலகிய பிறகு, கடைசிச் சம்பளத்திலிருந்து நாள் ஓடத் தொடங்கிவிடும்.